சங்கிலியில் அவளுடைய முறை

மழை பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. செவிலியர் மாணவிகள் விடுதியின் ஜெப அறை ஜன்னலில் அது சாம்பல் நிறத் திரைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் கிழிந்த மெத்தைகளைப் போட்டு வைத்திருந்த அறை அது. இப்போது தரையில் ஒரு விரிப்பு, மூலையில் மேசை, சுவரில் மரச் சிலுவை. ஆனாலும் மத்தியானங்களில் பழைய பஞ்சின் வாசனை மெல்ல எழுந்து வரும்.

அன்று அங்கே மூத்த மாணவி ஒருத்திக்காகச் சங்கிலி ஜெபம் நடந்தது. ஒருவர் ஒரு மணி நேரம் ஜெபிப்பார். அவர் எழுந்திருக்கும்போது அடுத்தவர் முழங்காலில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நிமிடமும் விட்டுப்போகக் கூடாது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அறுவை சிகிச்சை அரங்கில் முதல் கீறல் விழுந்ததும் அவளும் மயங்கி விழுந்துவிடுகிறாள். போன வாரம் விழும்போது கருவித் தட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தாள். அன்றிலிருந்து முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவள், தொப்பென்று விழுகிற 'தொப்பக்கா'. படிப்பைத் தொடரலாமா, வீட்டுக்குத் திரும்ப வேண்டுமா என்பதை இன்று மாலை மேட்ரன் சொல்வதாக இருந்தது.

சங்கிலியின் முதல் கண்ணி அவளுடைய அப்பா. அவர் லாரி ஓட்டுபவர். காலையில் வண்டியிலிருந்தே கூப்பிட்டார்.

"ஆரம்பிச்சுட்டேன்மா. கண்ணைத் திறந்துக்கிட்டே ஜெபம் பண்றேன். மூடினா ஆண்டவரை நேர்லயே போய்ப் பார்க்க வேண்டியதுதான்."

"அப்பா, போனை வைங்க முதல்ல! ரோட்டைப் பாருங்க."

"அவரும் பக்கத்து சீட்லதான் இருக்கார். நீ கவலைப்படாதே கண்ணு."

மத்தியானம் அவளுடைய முறை வந்தது. இரவெல்லாம் வார்டில் நின்ற கால்கள் வலித்தன. ஆண்டவரே, நான் எங்கே போகணும்னு மட்டும் சொல்லிடுங்க என்று ஆரம்பித்தாள். அதையே திரும்பச் சொன்னாள். மழைச் சத்தம் சொற்களுக்கு நடுவே புகுந்தது. பிறகு சொற்கள் நின்று மழை மட்டும் இருந்தது.

கனவில் மருத்துவமனையின் நீண்ட நடை முழுவதும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கட்டில்கள் அதில் மெதுவாக மிதந்து போயின. கூரையிலிருந்து தொங்கிய வெள்ளை விரிப்புகளை விலக்கிக்கொண்டு யாரோ முன்னால் நடந்தார். முகம் தெரியவில்லை. "எங்கே போறோம்?" என்று கேட்டாள். அவர் திரும்பவில்லை. ஆனால் அவள் பின்தங்கும்போதெல்லாம் அவர் நடையும் தளர்ந்தது. அவ்வளவு போதும் என்று கனவில் தோன்றியது.

விழித்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுடைய முறை முடிந்து வெகு நேரமாகிவிட்டது. எனக்காக ஊரே ஜெபிக்க, நான் தூங்கியிருக்கிறேனே!

எழப் போனாள், முடியவில்லை. மேலே ஒரு போர்வை இருந்தது. அதன் ஓரங்கள் விரிப்புக்கு அடியில் இறுக்கமாக, மூலை மூலையாக மடித்துச் செருகப்பட்டிருந்தன. நோயாளி உருண்டு விழாமலிருக்கப் போடும் மடிப்பு. அதை இத்தனை ஒழுங்காக மடிப்பவள் விடுதியில் ஒருத்திதான்.

கதவைத் திறந்தவள் வாசலில் இருந்தவள் மேல் தடுக்கி விழப் பார்த்தாள். அறைத் தோழி, நேரம் தவறாததால் 'கடிகாரம்' என்று பெயர் வாங்கியவள், வெளியே செருப்புகளுக்கு நடுவில் முழங்காலில் இருந்தாள்.

"இங்க ஏன்டி முட்டி போட்டிருக்கே?"

"உள்ள நீ குறட்டை விட்டா நான் எப்படி ஜெபம் பண்றது?"

"சங்கிலி அறுந்துபோச்சே. என்னாலதான்."

"சீக்கிரமே வந்தேன், நீ தூங்கிட்டிருந்தே, எடுத்துக்கிட்டேன். ஆண்டவர் என்ன அட்டெண்டன்ஸா எடுக்கிறார்?"

"இல்லடி, நான் விட்டுட்டேன்ல."

"நீ விட்டே சரி. அவர் விட்டாரா? போ, முகத்தைக் கழுவு. கன்னத்துல விரிப்போட கோடு விழுந்திருக்கு. மேட்ரன் பார்த்தா தனியா ஒரு விசாரணை வைப்பாங்க."

மேட்ரன் அறைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சு. எதிரே அறுவை அரங்கின் கதவு. பெஞ்சில் ஓர் அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்களை வலுக்கட்டாயமாகத் திறந்து வைத்திருந்தாள். ரொட்டிக் கடையில் வேலைபோலும்; முழங்கைவரை மாவு காய்ந்திருந்தது. தலை சாயும், திடுக்கிட்டு நிமிர்வாள்.

"உள்ள யாரும்மா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தபடி அவள் கேட்டாள்.

"என் பையன். வேலையில இருந்து அப்படியே ஓடி வந்தேன்." அந்த அம்மாள் கதவை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "கண்ணை மூடினா அவனுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு இருக்கு. நான் வேண்டிக்கிட்டே இருக்கணும்."

இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவளுக்கு இருந்தது. கன்னத்துக் கோட்டைத் தடவிக்கொண்டாள்.

"நீங்க தூங்குங்கம்மா. நான் முழிச்சிருக்கேன். உங்க பையனுக்காக நான் வேண்டிக்கிறேன். டாக்டர் வந்தா எழுப்புறேன்."

"நிஜமா?"

"நான் இப்பதான் நல்லாத் தூங்கி எழுந்தேன்."

அந்தத் தலை அவள் தோளில் சாய்ந்தது. மாவும் வியர்வையும் கலந்த வாசனை. பெயர் தெரியாத அந்தப் பையனுக்காக அவள் வேண்டத் தொடங்கினாள். தன் விஷயம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

மேட்ரன் கதவைத் திறந்தார். "உள்ள வா."

அவள் எழவில்லை. கண்ணால் தோளைக் காட்டினாள்.

மேட்ரன் ஒரு கணம் பார்த்தார். பிறகு வெளியே வந்து, குனிந்து, ரகசியம் பேசுவதுபோல் பேசினார். அவர் தாழ்ந்த குரலில் பேசி அவள் கேட்டதே இல்லை.

"உன்னால முடியும்னு எனக்கு இன்னும் தோணலை."

"எனக்கும் தெரியலை மேடம்."

"இன்னும் ஒரு தடவை ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போ, திங்கட்கிழமை. தட்டுப் பக்கம் நிக்காதே. பின்னால ஒருத்தியை நிறுத்துறேன். விழுந்தா பிடிச்சுக்குவா. அப்புறமும் விழுந்தா..." மேட்ரன் கையை விரித்தார். "அப்போ பேசலாம்."

"சரி மேடம்."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

மேட்ரன் தலையாட்டிவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.

இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தது தெரியவில்லை. திங்கட்கிழமை என்ன ஆகும் என்று அவள் அறியாள். ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் நடந்த கால்கள் இன்னும் அந்தச் சூட்டை மறக்கவில்லை. நடை வளைவில் விறுவிறுவென்று காலடிச் சத்தம் கேட்டது. கடிகாரம், கையில் அதே போர்வையோடு, சேதி கேட்க வந்துகொண்டிருந்தாள்.

அவள் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். கடிகாரம் அடிமேல் அடி வைத்து அருகில் வந்தாள். தூங்கும் அம்மாளின் மேல் போர்வையை விரித்து, ஓரங்களை மூலை மூலையாகச் செருகினாள். பிறகு பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"யாருக்காக?" என்றாள் மெதுவாக.

"உள்ள இருக்கிற பையனுக்கு."

"சரி. அடுத்து நான்."