பன்னிரண்டு நாற்காலி, நாற்பத்தொரு ரசீது

போதை மறுவாழ்வு மையத்தின் கணக்கில் நாற்பத்தொரு இரும்பு நாற்காலிகள் இருந்தன. கூடத்தில் பன்னிரண்டு இருந்தன. அரசுப் பணம் போன வழியைத் தணிக்கை செய்ய வந்த அதிகாரி இரண்டு முறை எண்ணிவிட்டார். பன்னிரண்டுதான். அதில் ஒன்றில் அவரே உட்கார்ந்திருந்தார்.

"மீதி இருபத்தொன்பது எங்க சிஸ்டர்?"

"மீதின்னு எதுவும் இல்ல சார். எல்லாம் இதேதான்." நர்ஸ் மாத்திரை எண்ணுவதை நிறுத்தவில்லை. "திருடு போகும். தெருமுனை காயலான் கடைக்கு வந்து சேரும். நான் போய் வாங்கிட்டு வருவேன். ரசீது இருக்கு."

ரசீது இருந்தது. அதுதான் சங்கடம். பதினெட்டு வருட உத்தியோகத்தில் பொருள் இல்லாத ரசீதைப் பார்த்திருக்கிறார். ரசீது இல்லாத பொருளையும் பார்த்திருக்கிறார். கால் வளைந்த ஏழாம் எண் நாற்காலி எட்டு ரசீதோடு ஜம்மென்று நிற்பதை இப்போதுதான் பார்க்கிறார்.

"சங்கிலி போட்டுக் கட்டலாமே?"

"கட்டினேன். பத்தொன்பதாவது ரசீதப் பாருங்க."

'நாற்காலி ஒன்று, சங்கிலியுடன்' என்றிருந்தது.

"போலீசுக்குச் சொல்றது?"

"சொன்னா நாற்காலி வரும், எடுத்தவன் வரமாட்டான். இப்ப மறுநாளே தலையச் சொறிஞ்சுக்கிட்டு மருந்துக்கு வந்து நிக்கிறான்."

அவருக்கு நம்பக் கஷ்டமாக இல்லை. வரும் வழியில் பார்த்திருந்தார். அந்தத் தெருவில் குழாய்களுக்குத் தலை கிடையாது. சாக்கடை மூடி இருந்த இடங்களில் மரக்கிளையை நட்டு வைத்திருந்தார்கள்.

"எனக்குப் புரியுது சிஸ்டர். விதிக்குப் புரியாதே. முறைகேடுன்னு எழுதினா அடுத்த மாசமே மானியம் நின்னுடும். மையத்தப் பூட்ட வேண்டியதுதான்."

நர்ஸின் விரல் மாத்திரைமேல் நின்றது. "தினம் முப்பது பேர் வராங்க. அதையும் சேர்த்து எழுதுங்க."

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்ல."

ரசீதுகளைப் பைக்குள் வைத்து, பையைத் தான் உட்கார்ந்திருந்த ஏழாம் எண் நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, முகம் கழுவப் போனார். திரும்பி வந்தபோது பை இல்லை. நாற்காலியும் இல்லை. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஏழாம் நம்பரா?" என்றாள் நர்ஸ். "அப்ப ஆணின்னு ஒரு பய, அவன்தான். எப்பவும் அதத்தான் தூக்குவான். ஓடுங்க சார். அஞ்சு மணிக்கு லாரி வந்து அள்ளிட்டுப் போயிடும்."

மணி நாலே முக்கால். ரசீது போனால் மையமும் போச்சு, அவர் வேலையும் போச்சு. ஓடினார்.

காயலான் கடைக்காரர் ஏழாம் எண்ணில் சாய்ந்திருந்தார். ரசீதுக் கட்டு தராசில் இருந்தது.

"வாங்க தணிக்கை சார். நர்ஸம்மா வரலையா?"

"அது திருட்டுப் பொருள்."

"இந்தக் கடையில எது சார் இல்ல?" கட்டைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் என் கையெழுத்துதான். நூறு கிராம். பழைய பேப்பர் ரேட்டுக்கே தரேன். பை, நாற்காலி தனி."

பேரம் பேச நேரமில்லை. சொந்தப் பணத்தைக் கொடுத்தார். பழக்க தோஷம், வாய் தானாகச் சொன்னது: "ரசீது குடுங்க."

கடைக்காரர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார்.

நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு அதிகாரி தெருவில் நடந்தார். மையத்து வாசலில் ஒல்லியாக ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். ஆணி.

"பை மாட்டியிருந்தத கவனிக்கல சார்."

"கவனிச்சிருந்தா?"

"கூட ரெண்டு ரூபா கேட்டிருப்பேன்."

அதிகாரி நாற்காலியை இறக்கி வைத்தார். "உட்காரு. மருந்த முழுங்கு."

ஆணி உட்கார்ந்தான். வேறு இடம் காலியில்லை. அதிகாரி நின்றுகொண்டே அறிக்கை எழுதினார்: 'நாற்காலிகள் திரும்ப வாங்கப்படும் முறை நேரில் சரிபார்க்கப்பட்டது. செலவு உண்மை. ஆட்சேபணை இல்லை.'

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "ஆதாரம்னு கேட்டா?"

நாற்பத்திரண்டாவது ரசீதை எடுத்து, கசங்கலை நீவி, கோப்பில் குத்தினார்.

'நாற்காலி ஒன்று, தணிக்கையுடன்.'