பூட்டன் இருந்த இடம்

அப்பாவின் நீலக் கோட்டை அலுமாரியிலிருந்து இழுத்தபோது, பின்னால் நின்ற படச் சட்டம் சரிந்து ஷர்மினியின் காலில் விழுந்தது. அப்பா மரியரட்ணம் டென்மார்க்கின் எஸ்பியர்க் நகர ஆஸ்பத்திரியில் கண்ணை மூடி இன்னும் ஒரு நாள் ஆகவில்லை. அவருக்கு உடுத்தும் உடுப்பை இரண்டு மணிக்குள் தரச் சொல்லியிருந்தார், சவ அடக்கத்தைப் பொறுப்பெடுத்த டேனிஷ்காரர்.

"இதை எறிஞ்சிட்டார் எண்டெல்லோ நினைச்சன்," என்றாள் கட்டிலில் இருந்த அம்மா செசிலியா.

ஷர்மினிக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே முகம் இல்லை.

அது அயர்லாந்தில் ஒரு மாளிகையின் பழைய புகைப்படம். அங்கே குடியேறிய ஆங்கிலப் பிரபு ஒருவரின் இளைய மகனாம் தோமஸ் டெவ்லின். மட்டக்களப்பில் தென்னந்தோட்டம் பார்க்க வந்தவராம். அவர்தான் அப்பாவின் பூட்டனாம். இருபத்தெட்டு வருஷம் தொழிற்சாலையில் மீன் வெட்டிய அந்த மனிதர், வீட்டுக்கு வந்தவர்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வம்ச வரலாறு முழுவதையும் சொல்லிவிடுவார். பாவம், அவர்களும் எழும்பி ஓட முடியாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஷர்மினி மண்டபம் எடுத்தாள். டேனிஷ்காரர் வீடுகளில் அன்றைக்குப் பிள்ளைகள் எழும்பி, பிறந்தநாள்காரரை நக்கலடித்துப் பேசுவார்கள். நக்கல் கூடினால் பாசமும் கூட என்று அர்த்தம். இங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு அது அழகாகத்தான் பட்டது. பேச்சுக்காகவே அந்தப் பிரபு குடும்பத்துக்கு எழுதிக் கேட்டாள். மரியாதையாகப் பதில் வந்தது. அதை இருநூறு பேருக்கு முன்னால் வாசித்தாள். 'எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு மகன் இல்லை. அந்தப் பெயரில் ஒரு குதிரைக்காரன் இருந்தான். 1884இல் வேலையை விட்டு இலங்கைக்குப் போனான்.'

டேனிஷ்காரர் இருந்த மேசை கைதட்டியது. தமிழர் மேசைகள் விழுந்து விழுந்து சிரித்தன. "மரியரட்ணம், குதிரையை எங்க கட்டியிருக்கிறாய்?" என்று அப்பாவின் கூட்டாளி அன்ரனி கத்தினார். அப்பாவும் சிரித்தார். "நல்லாப் பேசினாய் மகள்," என்றார்.

மறுநாள் வீட்டுச் சுவரில் படம் தொங்கிய ஆணி மட்டும் இருந்தது. அதன் பிறகு அவர் பூட்டனைப் பற்றி வாயே திறக்கவில்லை. பகிடிக்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா என்று ஷர்மினி தன்னைத்தானே சமாளித்துக்கொண்டாள். கேட்டிருக்க வேண்டும். அது அவளுக்கு அன்றைக்கே தெரியும்.

"பாதருக்கு அப்பாட வரலாறு எழுதிக் குடுக்கணும்," என்றாள் அம்மா. "பிரபு வம்சம் எண்டு எழுதினா கோயிலுக்குள்ளயும் சிரிப்பாங்க. எழுதாட்டி, அந்த மனுசன் வேற என்னத்தைக் கதைச்சவர்? நீதான் சொல்லு."

ஷர்மினி படத்தைத் தூக்கினாள். பின்புறத்தைப் பிரித்து, புதிதாக ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. திருப்பினாள். மாளிகைக்குத் தள்ளி, மரங்களுக்குக் கீழே, தாழ்வான ஒரு கட்டடம். அதைச் சுற்றி நீலப் பேனையால் ஒரு வட்டம். பக்கத்தில் அப்பாவின் குண்டு எழுத்து: 'குதிரை லாயம். பூட்டன் இருந்த இடம்.'

கண்ணாடி முழுக்கத் தூசி. அந்த வட்டத்துக்கு மேலே மட்டும் தூசி இல்லை. விரல் தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

ஷர்மினி அம்மாவின் பக்கம் திரும்பாமலே படத்தைக் கொண்டுபோய்ப் பழைய ஆணியில் மாட்டினாள்.

துக்கம் விசாரிக்க வந்த முதல் ஆள் அன்ரனி. அழுதுகொண்டுதான் வந்தார். படத்தைக் கண்டதும் நின்றார்.

"பிரபு வீட்டுப் படமெல்லோ..."

"ஓம் அங்கிள். எங்கட ஆள் இஞ்சால லாயத்தில இருந்தவர். குதிரைக்காரர். அப்படியேதான் கோயில்ல வாசிக்கப் போறன்."

அன்ரனி தலை குனிந்தார். கண்ணைத் துடைத்த லேஞ்சியையே எடுத்து, கண்ணாடியைத் துடைக்கக் கையை நீட்டினார்.

ஷர்மினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அங்கிள். அது அப்படியே இருக்கட்டும்."

பிறகு நீலக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு காரை எடுக்கப் போனாள்.