யாருடைய இடி

நவிலாவுக்கு அந்த இடி மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தபோதுதான் கேட்டது. வேற்றினத்தாரான ஹூரியர் குடியிருப்பில் தன் கடைசி வெண்கலக் கொண்டை ஊசியைக் கொடுத்து, ஒரு கைப்பிடி பாலாடைக்கட்டி வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு இடிதான், ஆனால் பெரிய இடி. ஹூரியப் பெண்கள் போட்டது போட்டபடி வெளியே ஓடிவந்து, "தெஷுப்! தெஷுப்!" என்று தங்கள் சாமியைக் கூவிக் குதித்தார்கள். நவிலாவோ மேட்டை நோக்கி ஓடத் தொடங்கினாள். ஊரில் அவள் புருஷன் தனியாக இருந்தார்.

புருஷன் லுபக்கி, இஷ்தகா ஊர் இடிச்சாமிக்குப் பூசாரி. அறுவடை முடிந்ததும் சாமிக்கான தாழியில் கோதுமையைக் கொட்டிக் களிமண்ணால் வாயைப் பூசிவிடுவார்கள். குளிர் போய் முதல் இடி இடித்ததும் பூசாரி எழுந்து அதை உடைப்பார். அந்த மாவில் சுட்ட ரொட்டியைச் சாமி தின்ற பிறகுதான் ஊர்க் களஞ்சியம் திறக்கும். நல்ல வருஷங்களில் இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. இந்த வருஷம் வீடுகளில் அடுப்பு எரிந்து பல நாள் ஆகியிருந்தது.

இடியைப் பூசாரிதான் கேட்க வேண்டும். ஊருக்கு ஊர் ஓர் இடிச்சாமி இருக்கிற நாட்டில், எந்த முழக்கம் யாருடையது என்று வேறு யார் சொல்வது? வடக்கே தாரு, இஷ்தகாவுக்குத் தர்ஹுன்னா, ஹூரியருக்குத் தெஷுப், தெற்கே கடற்கரைக்காரர்களுக்குப் பாகால். எல்லாம் ஒரே சாமிதான் என்று வரி வாங்க வரும் அதிகாரிகள் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் தலையாட்டிவிட்டுத் தங்கள் சாமியைத் தனியாகவே வைத்துக்கொள்வார்கள்.

லுபக்கிக்கு மூன்று குளிர்காலத்துக்கு முன் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. நவிலாவைத் தவிர யாருக்கும் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் தாடியைத் தடவிக்கொண்டு பேசாமல் இருப்பார். நிதானமான மனிதர் என்று ஊரே மெச்சியது. வசந்தம் வந்தால் நவிலா அவர் காலடியில் உட்கார்ந்திருப்பாள். இடித்ததும் அவர் பாதத்தைத் தொடுவாள். குறையுள்ள உடம்போடு சாமி முன் நின்றது தெரிந்தால் குடும்பத்தோடு தலை போகும். மூன்று வருஷம் அப்படிக் காது கொடுத்தே அவள் ஓய்ந்துபோயிருந்தாள். இன்றைக்குப் பசி பொறுக்காமல் எழுந்து போனது ஒன்றுதான் அவள் செய்த தப்பு.

மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது வெயில் சாயவில்லை. கோயில் முற்றத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஊர்த்தலைவர் பியாமா எழுந்து வந்தார்.

"எங்க போய்ட்ட நவிலா? இடிச்சுதே, கேட்டியா?"

"கேட்டேன் அண்ணே."

"உம் புருசன் அசையவே இல்ல. முட்டியச் சொறிஞ்சிக்கிட்டு உக்காந்துருந்தாரு. அப்போ அது நம்ம இடி இல்லபோல. அந்த ஹூரியப் பயலுக சாமி வந்து நம்ம தலைக்கு மேல கத்திட்டுப் போயிருக்கு."

"மழையாவது நம்மளுதா, அதுவும் அவனுங்களுதா?" என்றான் பின்னால் ஒருவன். சிரிக்க யாருக்கும் தெம்பில்லை. சுவரோரம் அஷ்னு தன் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். பால் வற்றி நான்கு நாள். பிள்ளை அழுவதையும் நிறுத்திவிட்டது.

நவிலா கோயிலுக்குள் போய்ப் புருஷன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, உதட்டை மெல்ல அசைத்தாள்.

"இடிச்சிருச்சு. எந்திரிச்சுத் தாழிய ஒடைங்க."

லுபக்கியின் முகம் சுருங்கியது. "எப்போ?"

"உச்சி வேளைல."

"நீ இல்லியே." லுபக்கி தலையை ஆட்டி மறுத்தார்: "ஒடைக்க மாட்டேன். நான் கேக்கல."

"மூணு வருசமா நீங்களா கேட்டீங்க?"

"அது இடிக்கிறப்பவே எனக்குத் தெரிஞ்சுது. சாமி கூப்டாரு, நான் எந்திரிச்சேன். இது ஆறிப்போன இடிடி. இதுக்குப் போய் எந்திரிச்சா சாமிகிட்டயே பொய் சொன்ன மாதிரி."

"அஷ்னு பிள்ள செத்துரும்ங்க."

"அடுத்த இடி வரும்."

"எப்போ?"

அவர் அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் அவரிடம் பேச வழியில்லை. கெட்டவர் இல்லை, அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

லுபக்கி முற்றத்துக்கு வந்து, எப்போதும்போல் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "இடிச்சது தெஷுப்பு. நம்ம சாமி இன்னும் வாயத் தொறக்கல. பொறுத்திருங்க."

கையை ஊன்றி ஒவ்வொருவராக எழுந்தார்கள். அஷ்னுவால் எழ முடியவில்லை. நவிலா லுபக்கியின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பயமாகத்தான் இருந்தது, ஆனால் பயப்படவும் அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

"நம்ம இடிதான்" என்றாள். "அவருக்குக் காது கேக்காது. மூணு வருசமாச்சு. நான்தான் கேட்டுச் சொல்லிட்டிருந்தேன். என்னை என்ன வேணா செய்யுங்க."

முற்றம் அப்படியே நின்றது. போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். குனிந்திருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. சில வாய்கள் பிளந்தன. ஒரு கிழவர் நெஞ்சில் கை வைத்தார்.

லுபக்கி அந்த முகங்களைப் பார்த்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார். பிறகு நேரே தாழியிடம் போய், அங்கே சாத்தியிருந்த கோடரியின் பின்புறத்தால் களிமண் பூச்சை ஓங்கி அடித்தார். அது இரண்டாகப் பிளந்து விழுந்தது.

"கேட்டுச்சா?" என்று கத்தினார். கண்ணில் நீர் வழிந்தது. "இது நம்ம சாமி! இதுக்குத்தான் பொறுங்கன்னு சொன்னேன்!"

வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. ஊர் பியாமாவைப் பார்த்தது. பியாமா நவிலாவைப் பார்த்தார், தாழியைப் பார்த்தார், சுவரோரம் கிடந்த அஷ்னுவைப் பார்த்தார். பிறகு பூசாரிக்கு நன்றாகத் தெரியும்படி தலையைப் பெரிதாக ஆட்டினார்.

"கேட்டுச்சு சாமி."

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று மற்றவர்களும் ஆட்டினார்கள். நவிலா தாழியருகே மடங்கி உட்கார்ந்து இரண்டு கையாலும் கோதுமையை அள்ளினாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே திருகையில் போட்டு அரைத்தாள்.