இரண்டாவது அட்டை

வரலாற்று டீச்சர் கையிலிருந்த அட்டையைப் பாடநூல் அலுவலக எடிட்டரின் மேசைமேல் அறைந்தாள். டீ தளும்பி அவர் கோப்பில் வழிந்தது.

“மெதுவா டீச்சர். என்ன பிரச்சனை?”

“இதோட ஜோடி எங்க சார்?”

அட்டையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். இளம்பெண் ஒருத்தி இரண்டு கையாலும் பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறாள். கீழே அன்றைய செய்தித்தாள் போட்ட தலைப்பு: ‘வேலைநிறுத்தத்தில் கல்லெறியும் கலவரக்காரி.’

வகுப்பில் இதை முதலில் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் நம்பிய பிறகு, வெட்டாத படம் உள்ள இரண்டாவது அட்டையைக் கொடுக்க வேண்டும். அதில் சரிவில் பின்னோக்கி உருளும் பேருந்து இருக்கும். ஓட்டுநர் இருக்கை காலி. ஜன்னல் முழுக்க முகங்கள். சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கத்தான் கல். செய்தியை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தரும் அந்தப் பாடத்தை டீச்சர் ஒரு வருஷம் உட்கார்ந்து செய்திருந்தாள்.

படத்தில் இருப்பது அவளுடைய மாமியார். அந்தத் தலைப்பால் மில் வேலை போனது. ஊரில் வேறு யாரும் வேலை தரவில்லை. படத்தைக் கேட்டபோது கிழவி இலேசில் மசியவில்லை. “இந்தத் தடவை முழுசாக் காட்டுவோம் அத்தை” என்று கெஞ்சித்தான் வாங்கினாள்.

இன்று காலை பள்ளிக்கு வந்த பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து, வீட்டுக்கு ஓடிப்போய்க் காட்டினாள். கிழவி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள். வெறும் வெள்ளை.

“மறுபடியும் பஸ்ஸைத் தொலைச்சுட்டீங்களாடி?” என்றாள். அட்டையை அவள் கையிலேயே திருப்பித் திணித்தாள்.

“ஓ, அதுவா?” எடிட்டர் கைக்குட்டையால் கோப்பைத் துடைத்தார். “ஒரே படம் ரெண்டு தடவை வந்திருந்துச்சு. நான்தான் ஒண்ணை எடுத்தேன். இதுல முகம் தெளிவா இருக்கு, இதையே வெச்சுக்கிட்டேன்.”

“கூட இருந்த குறிப்பைப் படிச்சீங்களா?”

“எல்லாத்தையும் வரிவரியாப் படிக்க முடியுமா? அடுத்த பதிப்புல சேர்த்துடலாம். அதுவரைக்கும் வாயால சொல்லிடுங்க.”

“எல்லா ஸ்கூல்லயும் நானா போய்ச் சொல்லுவேன்? இது பொய்னு சொல்லித்தரச் செஞ்சது சார். அதையே உண்மைன்னு அச்சடிச்சு விக்கறீங்க!”

“ஒரு படத்துக்குப் போய்…”

அவள் மிச்சத்தைக் கேட்கவில்லை. கிடங்குக்கு இறங்கினாள். பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. வாசலில் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் பெட்டியின் டேப்பைச் சாவியால் கிழித்து, அட்டையை உருவிக் கீழே போட்டாள். அடுத்த பெட்டி. அதற்கடுத்தது.

எடிட்டர் மூச்சு வாங்க வந்து நின்றார். “டீச்சர், இது அரசாங்கச் சொத்து! போலீஸைக் கூப்பிடுவேன்!”

“கூப்பிடுங்க.”

அவர் நிஜமாகவே போனை எடுத்தார். ஆனால் பேசவில்லை, அவள் கிழிப்பதைப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

“தள்ளி நின்னு எடுங்க” என்றாள், தலையைத் தூக்காமல். “பெட்டில என்ன இருக்குன்னும் தெரியணும்.”

பொட்டலம் கட்டும் பெண் டேப்பைக் கையில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப நான் ஒட்டவா, வேணாமா?”

டீச்சரின் சாவி அடுத்த பெட்டியில் இறங்கியது.