உருகாத வில்லை

மாப்பிள்ளை அந்த ஹெட்டைச் சாக்கில் சுற்றித் தோளில் சுமந்து வந்தபோது பட்டறையில் மெஷின்களை நிறுத்தியிருந்தோம். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர், பார்சல் வேன் ஓட்டுகிறவர். ஓசை வராமல் என் மேசையில் இறக்கி வைத்தார். "பாருங்க மச்சான்" என்றார். "வைங்க, பாக்குறேன்" என்றேன். அவர் போய்விட்டார்.

நாங்கள் செய்வது இஞ்சின் ஹெட் வேலை. ஹெட் என்பது இஞ்சினின் மேல் மூடி. அதில் வால்வுகள் திறந்து மூடும் துளைகள் உண்டு. ஒவ்வொரு துளையின் வாயிலும் ஒரு வளையம் இருக்கும். வால்வு மூடும்போது அதன்மேல்தான் உட்காரும். அதனால் அதற்குப் பெயர் சீட். பழைய இஞ்சின்களின் சீட் மிருதுவானது. இப்போது வருகிற ஈயம் கலக்காத பெட்ரோலுக்கு அது தாங்காது, தேய்ந்துகொண்டே போய் வால்வு உள்ளே புதைந்துவிடும். அதைக் கடைந்து எடுத்துவிட்டு, கடினப்படுத்திய எஃகு வளையத்தை வைக்க வேண்டும். வளையத்தை ஐஸில் போட்டுச் சுருக்குவோம், ஹெட்டை அடுப்பில் வைத்து விரிப்போம். சுருங்கியது விரிந்ததற்குள் இறங்கும். இரண்டும் ஆறிச் சமமானதும் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். பசை இல்லை, ஆணி இல்லை. வளையத்தைவிடக் குழி கொஞ்சம் சின்னது, அந்தக் கொஞ்சம்தான் எல்லாமே. இரும்பு ஹெட் என்றால் ஒரு தலைமுடி கனம் போதும். அலுமினியம் என்றால் இரண்டு முடி வேண்டும், அது சூட்டில் அதிகமாக விரிகிற ஜாதி.

வேலை முடிந்த ஒவ்வொரு ஹெட்டின் விலாவிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லை ஒட்டி அனுப்புவோம். இஞ்சின் அளவுமீறிச் சூடானால் வில்லையின் நடுப்பகுதி உருகி வழிந்துவிடும். வேலை கெட்டுத் திரும்பி வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்போம். உருகியிருந்தால் ஓட்டியவர் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் ஓட்டியிருக்கிறார், எங்கள்மேல் பழி இல்லை. உருகாமல் இருந்தால் எங்கள் கை. பெரும்பாலும் உருகித்தான் வரும். வந்தவர் மூக்கால் அழுதுகொண்டிருக்கும்போதே அதைத் தொட்டுக் காட்டுவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது. வீட்டிலும் அந்தக் கதைகளைத்தான் சொல்வேன். தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள்.

சாக்கை விலக்கினேன். மூன்றாவது சிலிண்டரில் ஒரு சீட் குழியைவிட்டுக் கழன்று நொறுங்கியிருந்தது. விலாவெல்லாம் கரி. கட்டைவிரலால் துடைத்தேன். வில்லை இருந்தது. நடுப்பகுதி உருகவில்லை, ஒட்டிய அன்று போலவே பளிச்சென்று இருந்தது.

ஹெட்டை மறுபடி சுற்றி, அலமாரியின் அடித்தட்டில் சுவர்ப் பக்கமாகத் தள்ளினேன்.

பக்கத்து மெஷின்காரனை ரேடியோ என்று கூப்பிடுவோம். அணைக்கிற பொத்தான் மட்டும் இல்லாத ரேடியோ. "உன் மாப்ள வண்டிதானே? தண்ணி ஊத்தாம ஓட்டியிருப்பாரு. போன வருஷமும் அப்படி ஓட்டினவருதானே" என்றான்.

"ம்" என்றேன்.

ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு பிற்பகலில், எட்டாம் மாதத்தில் இருந்த என் தங்கைக்கு உதிரப்போக்கு தொடங்கியது. மாப்பிள்ளை அவளை வேனிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பாதி வழியில், ஒரு மேட்டில், இஞ்சின் நின்றது. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. இதை என்னால் இப்படி மளமளவென்று சொல்லிவிட முடிகிறது. அன்றிலிருந்தே நான் இப்படித்தான் இருக்கிறேன், பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி.

ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே என் வீட்டுக்கு வந்தாள். அப்பா அம்மா இல்லை, எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. வேண்டாம் என்று சொன்னாலும் கேளாமல் மூன்றாம் வாரத்திலிருந்து சமையலை எடுத்துக்கொண்டாள். தட்டு வைப்பாள், போடுவாள், எதிரில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாள். பேசினால் ஒரே பேச்சு.

"ஏறும்போதே கேட்டேண்ணா, தண்ணி பாத்தியான்னு. பாத்தேன்னு சொல்லுச்சு அந்தாளு. வாய் கூசாம சொல்லுச்சு."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வேனின் ஹெட்டுக்கு நான் சீட் போட்ட வாரம் முழுக்க ஒரு டாக்ஸி கம்பெனியின் இரும்பு ஹெட்டுகள். கடையும் கருவியை இரும்புக்கான அளவில் வைத்திருந்தேன். வேனுக்கு உரிய வளையமும் அதே அளவுதான், ஆனால் வேனின் ஹெட் அலுமினியம். தங்கைக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது, வண்டியைச் சீக்கிரம் ரோட்டில் விட வேண்டும் என்று நான்தான் குதித்தேன். கருவியை மாற்றி வைக்கவில்லை. இரண்டு முடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முடி. வளையங்கள் எட்டும் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கின. என் கையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஹெட் வந்த எட்டாம் நாள் சாப்பிடும்போது தங்கை சொன்னாள்: "திங்கக்கிழமை வக்கீலைப் பாக்கப் போறேன். நீயும் வா. அந்த வில்லையையும் கழட்டி எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"உருகியிருக்குமில்ல? அதை அந்தாளு மூஞ்சிக்கு நேரா வைக்கணும்."

தலையை ஆட்டினேன். நான் எதற்குத்தான் தலையை ஆட்டவில்லை!

மறுநாள் வேலை முடிந்ததும் மாப்பிள்ளையைத் தேடிப் போனேன். வீட்டு வாசலில் வேன் நின்றது, இஞ்சினைப் பிரித்துப் போட்ட வேன். ஓட்டுகிற இருக்கையில் சும்மா உட்கார்ந்திருந்தார். மறுபக்கம் ஏறி நானும் உட்கார்ந்தேன்.

"வில்லை உருகல மாப்ள."

"தெரியும் மச்சான்."

"எப்படி?"

"ஹெட்டைக் கழட்டினது நான்தானே. பாக்காம இருப்பேனா? அன்னிக்கே உங்களை வந்து அடிக்கணும்னு இருந்துச்சு. பாதி தூரம் வந்துட்டேன்."

"வந்து அடிச்சிருக்கலாம்ல? அவகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "என்மேல கோவம்னா உங்க வீட்டுக்கு வந்துட்டா. உங்கமேல கோவம்னா எங்க போவா? அவளுக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். என்னைத் திட்டித் திட்டியாவது தேறிடுவா மச்சான். சொல்லிடாதீங்க."

அவர் அழுதார். சத்தமாகவே அழுதார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் கிலோமீட்டர் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வராததற்கு வெட்கமாக இருந்தது, அதுவும் லேசாகத்தான்.

"சரி, சொல்லல" என்று இறங்கினேன்.

நடக்க நடக்க அவர் சொன்னதை யோசித்தேன். நல்ல மனுஷன், கணக்கில் ஒரு ஆளை விட்டுவிட்டார். என்னை வெறுத்தாலும் தங்கைக்குப் போக ஓர் இடம் உண்டு. அது அந்த வேனில் உட்கார்ந்து அழுகிற ஆள்தான். பட்டறைக்குத் திரும்பி, ஹெட்டை வெளியே இழுத்து, வில்லையை உளியால் நெம்பி எடுத்தேன்.

தங்கை தட்டு வைத்துச் சாப்பாடு போட்டாள். நான் வில்லையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எந்த வண்டியோடது?"

"உங்க வண்டியோடதுதான்."

"நடுவுல அப்படியே இருக்கே."

"ஆமா."

நான் இத்தனை வருடம் சொன்ன கதைகளை அவள் எனக்கு மேலாக நினைவில் வைத்திருந்தாள். விளக்கம் கேட்கவில்லை. "நான்தாம்மா. அளவைத் தப்பா வச்சுட்டேன்" என்று நானாகச் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். உனக்குப் போக்கிடம் இல்லாமப் போயிடும்னு சொல்லாம இருந்தாரு."

"நீ எப்போ பாத்த?"

"கொண்டு வந்த அன்னிக்கே."

"என்னிக்கு?"

"ஒம்பது நாள் ஆச்சு."

உள்ளே போனாள். துணிகளைப் பெட்டியில் திணிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பெட்டியோடு வந்தாள், வில்லை அவள் கைக்குள் இருந்தது. எழுந்து பெட்டியை வாங்கக் கை நீட்டினேன்.

"தொடாத" என்றாள்.

கத்தவில்லை. வாசல் வரை போனவள் திரும்பி என் தட்டைப் பார்த்தாள்.

"தப்பு எல்லாருக்கும் நடக்கும்ணா. அந்தாளு, அந்தாளுன்னு நான் அவரைத் திட்டத் திட்ட, ஒம்பது நாளும் என் கையால வாங்கிச் சாப்பிட்டுட்டு உக்காந்திருந்தியே."

செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். அப்போதுதான் எனக்கு வலித்தது.