பொட்டு வைத்த நத்தை

சரோஜாதேவிக்கு நத்தை ஒன்றும் புதிதல்ல. ஐப்பசி மழை பிடித்தால் மயிலாப்பூர் வீட்டு மதில் முழுக்க நத்தைதான். ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போய் அதுகள்மேல் தூவிவிட்டு வருவாள், கதை முடிந்தது. ஆனால் பொட்டு வைத்துக்கொண்டு வரும் நத்தையை என்ன செய்வதென்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

முதல் நத்தையை மார்கழிக் கோலம் போடும்போது பார்த்தாள். வாசல்படியோரம் நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்டின் நடுவில் சிவப்பாக, வட்டமாக ஒரு பொட்டு. மனுஷக் கை வைத்த பொட்டு. மறுநாள் செவ்வந்திச் செடியில் இரண்டு வந்தன. அதற்கும் மறுநாள் துளசி மாடத்திலேயே ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது.

கணவர் சுயம்புலிங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். பல் விளக்கிக்கொண்டே குனிந்து பார்த்தார்.

"நத்தைக்கு எவன்ட்டி பொட்டு வப்பான்? பொறக்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்."

சொல்லிவிட்டுத் தி.நகர் பாத்திரக்கடைக்குக் கிளம்பிவிட்டார். வீடு பற்றி எரிகிறது என்றாலும் கடையைத் திறந்துவிட்டு வருகிறேன் என்கிற மனுஷன். அவரிடம் போய்க் கேட்டது இவள் தப்பு.

மகள் ஷண்முகப்ரியாவுக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம். அதுதான் சரோஜாதேவிக்குப் பெரிய கவலை. இதற்கு முன்னால் கைகூடி வந்த இரண்டு வரன்கள் கடைசி நேரத்தில் நழுவிவிட்டன. ஏன் நழுவின என்று இன்றுவரை தெரியாது. இந்த வரனைக் கொண்டுவந்தது அவளுடைய ஓரகத்தி ஸ்வர்ணலதா, கொழுந்தன் மனைவி. மாப்பிள்ளை ஸ்ரீஹரி ஸ்வர்ணலதாவின் அக்கா மகன். இதுவும் கைவிட்டுப் போனால் மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

செய்வினை என்ற வார்த்தையை வாயால் சொல்லக்கூட அவளுக்குப் பயம். உப்புப் போடவும் கை வரவில்லை. பொட்டு வைத்ததன்மேல் உப்பைப் போட்டு, அது திரும்பி மகள் தலையில் விழுந்தால்? அக்கம்பக்கத்தில் கேட்கலாமென்றால் விஷயம் சம்பந்தி காதுக்குப் போய்விடும். நத்தைகளுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கேட்பாரின்றிச் செவ்வந்தியை மொட்டோடு தின்று தீர்த்தன.

வீட்டுக்கு வந்துபோனவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். பால்காரர், கேஸ்காரர், பூக்காரம்மா, எதிர்வீட்டுக்காரர்கள். அப்புறம் ஸ்வர்ணலதா. போன வாரம்தான் கொட்டிவாக்கத்திலிருந்து ஒரு ரோஜாத் தொட்டியோடு வந்தாள். "மண்ணைக் கிளறாதீங்கக்கா, வேர் பிடிக்கட்டும்" என்று வேறு சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள்? வரனைக் கொண்டுவந்தவளே அதைக் கெடுப்பாளா? கெடுக்க நினைப்பவள் எதற்குக் கொண்டுவர வேண்டும்? யோசிக்க யோசிக்க ஒன்றும் பிடிபடவில்லை. செடியைப் பிடுங்கித் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். சாணி எருவும் வேரும்தான் இருந்தன. அதில் நிம்மதி வந்ததா என்றால் அதுவும் இல்லை.

கடைசியில் போனையே எடுத்துவிட்டாள்.

"ஸ்வர்ணா, மனசுல வச்சுக்கிட்டு இருக்க முடியல, கேட்டுருதேன். எங்க வீட்டுக்கு நீ எதுவும் செஞ்சு வச்சியா?"

"என்னதுக்கா?"

"வாசல்ல பொட்டு வச்ச நத்தையா வருது."

"சரிக்கா" என்று மட்டும் சொல்லி ஸ்வர்ணலதா வைத்துவிட்டாள். சரி என்றால் என்ன அர்த்தம்? செய்தேன் என்றா, செய்யவில்லை என்றா? சரோஜாதேவி மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதே சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. தேதியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். போச்சு, செய்வினை பலித்துவிட்டது என்று அவள் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். தான் பேசிய பேச்சுத்தான் பலித்தது என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை, பாவம்.

மறுநாள் காலையில் துடைப்பத்தோடு தோட்டத்தில் நின்றபோது, பக்கத்து வீட்டு ஜலஜா மாமி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள்.

"அசையாதீங்கோ சரோஜா. உங்க கால்கிட்ட இருக்கே, அது என்னோடது."

"எது மாமி?"

"அந்த நத்தைதான். சாந்து வெச்சிருக்கேன் பாருங்கோ. எங்க பொண்ணு மாளவிகா டான்ஸ் ஆடிண்டிருந்தப்போ வாங்கின சாந்து, தண்ணி பட்டாலும் போகாது."

மாமி தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

"மார்கழியும் அதுவுமா கொல்ல மனசு வரலை. தினம் பக்கெட்ல பொறுக்கிண்டு போய் உங்காத்துக்கு அந்தண்டை காலி மனையில விட்டுட்டு வரேன். மறுநாள் பார்த்தா மறுபடியும் அத்தனை இருக்கு. போனதே வரதா, வேறயான்னு தெரிய வேண்டாமா? அதான் அடையாளம். அங்கேர்ந்து எங்காத்துக்கு வரணும்னா உங்க தோட்டத்து வழியாத்தானே வரணும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமி."

"சொன்னா நீங்க உப்பைப் போட்டுடுவேளேன்னுதான் சொல்லலை."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சரோஜாதேவி உள்ளே ஓடிப் போனை எடுத்தாள். மாமி, சாந்து, பக்கெட், காலி மனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். மன்னிச்சுக்கோ என்றாள். ஸ்வர்ணலதா சிரித்துவிட்டாள்.

"நல்ல மாமி போங்க. எங்க அக்காகிட்ட நான் பேசிக்கிடுதேன், தேதி மாறாது. தட்டுத் தூக்க நானும் வந்து நிப்பேன்."

சரோஜாதேவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா" என்றாள் ஸ்வர்ணலதா. இப்போது குரலில் சிரிப்பு இல்லை. "பொட்டு வச்சது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. தெரியாதப்போ, அத்தனை பேர் வந்துபோற வீட்டுல, உங்களுக்கு ஏன் என் முகம் ஞாபகம் வந்துச்சு?"

ஜன்னலுக்கு வெளியே, பிடுங்கிப் போட்ட ரோஜாச்செடி வேர் காய்ந்து கிடந்தது. சரோஜாதேவி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காரணம் ஒன்று இருந்தால்தானே சொல்வதற்கு.