தரையைத் தொடாத அலமாரி

அன்று காலை தங்கபுஷ்பம் டீயில் பொறை ரொட்டியை நனைத்துப் பாதி தின்றாள். மீதியை என் வாயில் திணித்தாள். என் மகளுக்கு மூன்று வயது. காய்ச்சல் கண்டு நான்காம் நாள்.

ராயபுரத்தில் எங்களுக்கு ஒரே அறை, கட்டில் கிடையாது. ஐப்பசி மழையில் ஆண்டுதோறும் தண்ணீர் உள்ளே வரும். என் கணவர் கஸ்பார் படகு கட்டும் தச்சர். 1954இல் துறைமுகத்துக்கு வந்த ஸ்வீடன் கப்பலொன்றில் மராமத்துக்குப் போனவர், அங்கிருந்து ஒரு பத்திரிகைப் படம் கொண்டுவந்தார். அதில், சுவரில் ஏணிபோல இரண்டு கம்பிச் சட்டங்கள். அவற்றின் படிகளில் பலகைகள். வேண்டிய உயரத்துக்குக் கழற்றி மாட்டலாம்.

“பாத்தியா சிலுவ, ஒரு காலுகூட தரையில கெடயாது. தண்ணி ஏறுனா பலகையும் ஏறும்.”

“அவுங்க வூட்லயும் தண்ணி பூந்துகினு கீதா இன்னா?” என்று கேலி செய்தேன். ஆனால் அந்தப் படத்தை அவரைவிட நான்தான் அதிகம் பார்த்தேன். தரை முழுதும் காலியாகக் கிடக்கும் அறையை அதற்குமுன் நான் கண்டதில்லை.

கம்பியை வளைத்து அவரே செய்தார். சுவரைத் துளைத்து, உலர்ந்த தேக்கு முளைகளை அடித்து, அவற்றில் சட்டங்களை மாட்டினார்.

பக்கத்து அறைத் தமீம் எட்டிப் பார்த்தார். “இன்னா மாமு, உப்பு அரிச்ச செவுரு. தாங்குமா?”

“மொள ஈரத்துல ஊதும் தோஸ்து. ஊதுனா இறுகிக்கும். படகுல பாத்ததில்ல?”

படகில் மரத்தை மரம் பிடித்துக்கொள்ளும். எங்கள் சுவரோ சுண்ணாம்பும் செங்கல்லும்.

காய்ச்சலின் அந்த நான்காம் நாள் தண்ணீர் வேகமாக ஏறியது. அரிசியையும் துணியையும் மேலே மேலே மாற்றினோம். விடிந்ததிலிருந்து பிள்ளை என் கையில்தான்.

“பலகை மேல வையி யா, கை தாங்கல” என்று சொன்னது நான்தான்.

அவர் வைத்தார். “நைனா, நான் மாடி வூட்ல கீறேன்” என்றாள் அவள். ஆஸ்பத்திரிக்குப் போக ரிக்‌ஷா பார்க்க அவர் வெளியே இறங்கினார்.

சுவருக்குள் ஏதோ நொறுங்கும் ஓசை. நான் இரு கைகளையும் நீட்டினேன். சுவர் முழுதாக முன்னால் சாய்ந்து அவளோடு தண்ணீரில் விழுந்தது. கலங்கிய தண்ணீருக்குள் கைவிட்டுச் செங்கல் செங்கலாக எடுத்துப் போட்டேன். தமீமும் ஓடிவந்து எடுத்தார். அவள் கால் முதலில் தட்டுப்பட்டது. அது அசையவில்லை.

ரிக்‌ஷாவோடு வந்த கஸ்பார் என் மடியைப் பார்த்தார். பிறகு தமீமிடம், “மொள உருவிகிச்சா?” என்றார்.

தமீம் கையிலிருந்த, முளை பதிந்த உடைந்த செங்கல்லை நீட்டினார். “இல்ல மாமு. நல்லா இறுகிகினு கீது. கல்லுதான் பொளந்துடுச்சி.”

அந்த ஆண்டும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. இப்போதும் ஏறுவதில்லை.